கோதுமை பியர்: உலர் ஈஸ்ட் போட்டு 36 மணி நேரம், ஏர்லாக் அசையவில்லை

பனிக்கால_பார்லி | ஞாயிறு, காலை 9.05

வணக்கம். வாளியில 20 லீற்றர் கோதுமை பியர் நிக்குது. வெள்ளி இரவு 9 மணிக்கு ஈஸ்ட் போட்டது. 36 மணித்தியாலம் கழிஞ்சும் ஏர்லாக்கில (மூடியில வாயுவை வெளிய விடுற தண்ணி அடைப்பு) ஒரு குமிழிகூட வரேல்லை. விபரம் முழுக்கத் தாறன்.

கோதுமை உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 2.7 கிலோ (பையில கோதுமை 55%, பார்லி 45% எண்டு போட்டிருக்கு). ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ ஹாப்ஸ் 25 கிராம், ஆல்ஃபா (கசப்புத் தாற அமிலம்) 4%, 60 நிமிசம் கொதிக்க விட்டது. ஈஸ்ட் சாஃப்ஏல் டபிள்யூபி-06, 11.5 கிராம் பைக்கற் ஒண்டு. காலாவதித் திகதிக்கு இன்னும் ஒரு வருசம் கிடக்கு. ஊற வைக்கேல்லை, நேரா மேல தூவினது.

12 லீற்றரில கொதிக்க வைச்சு, அது வத்தி 10 லீற்றருக்கு வந்தது. ஐஸ் தண்ணித் தொட்டியில வைச்சு ஆத்தி, வாளிக்குள்ள ஊத்தி, மேல குளிர்ந்த குழாய்த் தண்ணி விட்டு 20 லீற்றராக்கினது. வாளி 30 லீற்றர் பிளாஸ்டிக் வாளி, கீழ பைப் இருக்கு. ஈஸ்ட் போடேக்க வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு) 17 டிகிரி, பேஸ்மென்ற் 16 டிகிரி (டொரோண்டோ, ஜனவரிக் குளிர்).

விளங்காத விசயம் இதுதான். ஈஸ்ட் போட முதல் மேல இருந்து அள்ளிப் பாத்த ஹைட்ரோமீற்றர் அளவு (சர்க்கரை அடர்த்தி, வெறும் தண்ணி எண்டா 1.000) 1.041. இண்டைக்குக் காலமை கீழ்ப் பைப்பால எடுத்துப் பாத்தா 1.048! நொதிச்சா இறங்கோணும், இது ஏறி நிக்குது.

கேள்வி மூண்டு. இன்னொரு பைக்கற் போடோணுமோ? அளவு எப்பிடி ஏறினது? எவ்வளவு நேரம் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம்?


டிகிரி_பிளேட்டோ | ஞாயிறு, காலை 9.50

இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பாதி விடை அதில் இருக்கிறது.

1.041 உங்கள் வோர்ட்டின் உண்மையான அளவு இல்லை. உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் ஒரு கிலோவை எடுத்து ஒரு லிட்டராகக் கரைத்தால் ஏறத்தாழ 367 புள்ளி வரும் (1.000-க்கு மேல் 0.001 கூடினால் ஒரு புள்ளி). 2.7 கிலோவுக்கு 991 புள்ளி. அதை 20 லிட்டருக்குப் பிரித்தால் 49.5, அதாவது 1.050. எக்ஸ்ட்ராக்ட் முழுக்கக் கரைந்து, மொத்த அளவும் 20 லிட்டர்தான் என்றால் இந்தக் கணக்கு மாறவே வழியில்லை. எக்ஸ்ட்ராக்டில் காய்ச்சும்போது ஹைட்ரோமீட்டரை விட இந்தக் கணக்கைத்தான் நான் நம்புவேன்.

பிறகு 1.041 எங்கிருந்து வந்தது? 10 லிட்டர் கெட்டியான வோர்ட் கீழே, அதன் மேல் 10 லிட்டர் குளிர்ந்த தண்ணீர். இரண்டும் தானாகக் கலக்காது. கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றினாலும் போதாது. மேலே இருந்து அள்ளியதால் நீர்த்த பகுதி உங்கள் கையில் வந்தது.

இப்போது 1.048. இது கீழ்ப் பைப்பில் எடுத்தது. வாளி இன்னும் அடுக்கடுக்காகவே நின்றிருந்தால் அடியில் 1.050-ஐத் தாண்டிக் காட்டியிருக்க வேண்டும். அதற்குக் கீழே காட்டுகிறது என்றால் உள்ளே கலக்கல் நடந்திருக்கிறது, ஓரிரு புள்ளி இறங்கியும் இருக்கலாம். "இருக்கலாம்" என்று சொல்லக் காரணம் உண்டு. வாளியில் உள்ள கோடு அரை லிட்டர் முன்னே பின்னே இருந்தாலே ஒரு புள்ளிக்கு மேல் மாறிவிடும். ஆகவே 1.048 என்ற ஒரு அளவை மட்டும் வைத்து நொதித்தல் தொடங்கிவிட்டது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இன்றிரவு அதே பைப்பில் இன்னொரு அளவு எடுங்கள். முதலில் வரும் 50 மில்லியைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள், பைப்புக்குள் தங்கியது கணக்கில் சேரக் கூடாது. ஹைட்ரோமீட்டரை ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய சிறு குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்து அளவைக் கூட்டிக் காட்டும்.

ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) இருந்தாலும் இந்தக் கட்டத்தில் எடுக்க வேண்டாம். ஆல்கஹால் சேரத் தொடங்கியதும் அது காட்டும் எண்ணைத் திருத்தம் போடாமல் பயன்படுத்த முடியாது.

ஏர்லாக் ஏன் அசையவில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஈஸ்ட் முதலில் விடும் கரியமில வாயு வோர்ட்டிலேயே கரையும். 17 டிகிரியில் ஒரு லிட்டர் வோர்ட் ஏறத்தாழ 1.7 கிராம் வாங்கிக்கொள்ளும், 20 லிட்டருக்கு 34 கிராம். ஒரு கிராம் மால்ட் சர்க்கரை நொதித்தால் அரை கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வாயு வரும். ஆக 34 கிராம் வாயுவுக்கு 70 கிராமுக்கு மேல் சர்க்கரை செலவாக வேண்டும். ஹைட்ரோமீட்டரில் அது கிட்டத்தட்ட 2 புள்ளி. நடைமுறையில் கொஞ்சம் வாயு முன்பே மேலே தப்பிவிடும், அதனால் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது. ஆனால் 1.050-லிருந்து 1.048 வரை ஒரு குமிழிகூட இல்லாமல் இறங்குவது இயல்பான விஷயம். உங்கள் வாளியில் 10 லிட்டர் காலி இடமும் இருக்கிறது.

இன்னொரு பாக்கெட் இப்போது வேண்டாம். ஈஸ்ட் போட்டதிலிருந்து 72 மணி நேரம், 12 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் மாறாமல் இருப்பது, வாளிச் சுவரில் நுரைத் தடமே இல்லாதது: மூன்றும் சேர்ந்தால்தான் மறுபடி ஈஸ்ட்.


கொதிகலம் | ஞாயிறு, காலை 10.30

பிளேட்டோ சொன்ன கணக்கு சரி. ஆனா பொறுத்திருங்கன்னு மட்டும் சொன்னா போதாது, அந்த 16 டிகிரியை இன்னைக்கே சரி பண்ணணும். தாமதத்துக்கு முதல் காரணம் அதுதான்.

டபிள்யூபி-06-க்குத் தயாரிப்பாளர் சொல்ற வெப்பம் 18-லிருந்து 26 டிகிரி. நீங்க போட்டது 17-ல, அதுக்கப்புறம் அறை 16-க்கு இழுத்திருக்கு. நொதித்தல் வேகம் பிடிச்சுட்டா ஈஸ்ட் தானே சூடு உண்டாக்கி வாளியை அறையைவிட ரெண்டு மூணு டிகிரி மேலே வெச்சுக்கும். தொடங்குறதுக்கு முன்னாடி அந்தச் சூடு கிடையாது. அதனால குளிர்ல போட்ட ஈஸ்ட் குளிர்லயே மாட்டிக்கிட்டு நிக்கும்.

ரெண்டாவது காரணம் அளவு. சிபாரிசு 100 லிட்டருக்கு 50-லிருந்து 80 கிராம். 20 லிட்டருக்கு 10-லிருந்து 16. நீங்க போட்டது 11.5, வரம்புக்குள்ளதான், ஆனா கீழ்ப்பக்கம். 20 டிகிரியில இது தாராளமா போதும். 16-ல ஒன்றரை பாக்கெட் போட்டிருந்தா சீக்கிரம் கிளம்பியிருக்கும்.

சூடேத்துறதுக்கு நல்ல வழி தண்ணித் தொட்டி. வாளி உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய டப்பு, அதுல வாளியோட பாதி உயரத்துக்குத் தண்ணி, 100 வாட் மீன்தொட்டி ஹீட்டர், 20 டிகிரியில வெச்சுடுங்க. சூடு எல்லாப் பக்கமும் சீரா ஏறும், எகிறவும் எகிறாது. ஹீட்டர் முழுக்கத் தண்ணிக்குள்ள மூழ்கியே இருக்கணும். வயரை ஒரு இடத்துல பிளக்கைவிடத் தாழத் தொங்க விடுங்க, தண்ணி வழிஞ்சா அந்த வளைவுல சொட்டிடும், பிளக்குக்கு ஏறாது.

டப்பு இல்லைன்னா 25 வாட் ஹீட் பெல்ட். அதுக்குப் பொறுமை வேணும். 20 லிட்டரை 4 டிகிரி ஏத்த, சூடு கொஞ்சமும் வீணாகாட்டாலும் 4 மணி நேரம் கிட்ட ஆகும். குளிர்ந்த பேஸ்மென்ட்ல அதைப்போல ரெண்டு மடங்கு. போர்வை சுத்துனா நல்லது. பெல்ட் பியர் மட்டத்துக்குக் கீழே இருக்கணும், காலியான பிளாஸ்டிக் பகுதியில படக் கூடாது. கன்ட்ரோலர் இருந்தா அதோட சென்சாரை வாளி நடுவுல ஒட்டி, மேல ஒரு தடிச்ச ஸ்பாஞ்சை வெச்சு டேப் போட்டு மூடுங்க. இல்லாட்டி அது அறைக் காத்தோட வெப்பத்தைத்தான் படிக்கும்.

சூடு ஏறும்போது வாளியை ரெண்டு கையாலயும் பிடிச்சு மெதுவா வட்டமா ஆட்டுங்க. அடியில படிஞ்ச ஈஸ்ட் எழும்பும். மூடியைத் திறந்து கரண்டி போட்டு அடிக்க வேண்டாம், ஆக்சிஜன் ஏத்துற நேரம் தாண்டிடுச்சு.

மூடிச் சோதனையும் ஒண்ணு. மூடி நடுவுல கட்டைவிரலால லேசா அழுத்திப் பிடிச்சுக்குங்க. ஏர்லாக் தண்ணி ஒரு பக்கம் ஏறி அங்கேயே நின்னா வாளி இறுக்கமா இருக்கு. ஏறி உடனே சமமாகிட்டா மூடி ஓரத்துலயோ ஏர்லாக் குத்துற ரப்பர் வளையத்துலயோ காத்து போகுது. பிளாஸ்டிக் வாளிகள்ல பாதிக்குப் பாதி இப்படித்தான் இருக்கும். பியருக்கு அதனால கெடுதல் இல்லை, வாயு வெளியதான் தள்ளும். ஆனா அந்த வாளியில குமிழியை எதிர்பார்த்து உட்காரக் கூடாது.

அடுத்த தடவை ஈஸ்ட்டை ஊற வெச்சுப் போடுங்க. 17 டிகிரி வோர்ட்ல உலர் ஈஸ்ட்டை நேரா தூவுறதுல எனக்கு உடன்பாடு இல்லை.


வெள்ளைநுரை | ஞாயிறு, மதியம் 12.15

"17 டிகிரி வோர்ட்ல உலர் ஈஸ்ட்டை நேரா தூவுறதுல எனக்கு உடன்பாடு இல்லை"

கொதிகலம் அண்ணா சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. உலர்ந்த செல்லின் சவ்வு சுருங்கிக் கிடக்கும். முதல் சில நிமிடங்களில் நீரை உறிஞ்சி அது விரிய வேண்டும். அந்த நேரத்தில் குளிர் அதிகமாக இருந்தால் செல்லுக்குள் இருப்பது வெளியே கசியும், கொஞ்சம் செல்கள் அங்கேயே சாகும். ஆனால் ஃபெர்மென்டிஸ் நிறுவனமே இப்போது நேராகப் போடலாம் என்று சொல்லித்தான் இந்த ஈஸ்ட்டை விற்கிறது. 1.050 அளவுள்ள சாதாரண வோர்ட்டில் ஊற வைப்பதால் சில மணி நேரம் மிச்சமாகலாம், 36 மணி நேரம் மிச்சமாகாது. இந்த வாளியில் குற்றவாளி வெப்பம்தான். நேராகத் தூவினால் மொத்தப் பரப்பிலும் பரவலாகத் தூவ வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் கட்டி கட்டியாக நின்று, உள்ளே இருப்பது நனையாமலே கிடக்கும்.

பார்லி, இன்றிரவு அளவு எடுக்கும்போது பிஹெச்சும் (அமிலத்தன்மை அளவு, குறைந்தால் புளிப்பு அதிகம்) பாருங்கள். 3.8 முதல் 5.5 வரை காட்டும் குறுகிய வரம்புத் தாள் போதும். கொதித்து ஆறிய வோர்ட் 5.2 ஒட்டி இருக்கும். ஈஸ்ட் வேலையைத் தொடங்கியதும் ஹைட்ரோமீட்டர் பெரிதாக அசைவதற்கு முன்பே பிஹெச் இறங்கத் தொடங்கும், முடிவில் 4.2 அருகில் போய் நிற்கும். 4.7 கண்டால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. பாக்டீரியாவும் பிஹெச்சை இறக்கும். அதனால் தாளையும் மூக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தால் பயம் வேண்டாம், கோதுமை பியர் ஈஸ்ட்டுகள் தொடக்கத்தில் கந்தகம் விடும், வாயுவோடு அது போய்விடும். வெந்த முட்டைகோஸ், வாந்தி, மோர் புளிப்பு, இந்த மூன்றில் ஒன்று வந்தால் வேறு ஏதோ முந்திக்கொண்டது. தாமதமான தொடக்கத்தில் உண்மையான ஆபத்து இதுதான். ஆல்கஹாலும் இல்லை, பிஹெச்சும் இறங்கவில்லை, சர்க்கரை முழுக்க இருக்கிறது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் சேர்த்த வாளியில் இந்த இடைவெளியை நீட்டவே கூடாது.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். டொரோண்டோ மாநகரத் தண்ணீரில் கிருமி நீக்கச் சேர்த்திருப்பது குளோராமின். சாதாரண குளோரின் போல ஒரு கொதியில் அது போகாது. மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாடை வரும். வேறு பியர் என்றால் உடனே தெரியும். கோதுமை பியரில் ஈஸ்ட்டே கிராம்பு வாசனை தரும் ஃபீனாலை உண்டாக்குவதால் இரண்டும் குழம்பி, பலர் ஈஸ்ட்டின் மேல் பழி போடுகிறார்கள். கேம்ப்டன் மாத்திரை (மெட்டாபைசல்ஃபைட்) ஒன்று 75 லிட்டருக்குப் போதும். உங்களுக்குக் கால் மாத்திரை. பொடித்துப் போட்டுக் கலக்கி சில நிமிடம் விட்டால் குளோராமின் போய்விடும். எல்லாத் தண்ணீரிலும் போடுங்கள், கொதிக்க வைப்பதிலும் மேலே சேர்ப்பதிலும்.

சுவைக்கும் இப்போது சூடேற்றுவதே நல்லது. வாழைப்பழ வாசனை தரும் எஸ்டர்கள் ஈஸ்ட் பெருகி வேகம் எடுக்கும் முதல் இரண்டு மூன்று நாளில்தான் பெரும்பாலும் உருவாகின்றன. வாளி 16-இலேயே தொடங்கினால் கிராம்பு முன்னால் நிற்கும், வாழைப்பழம் அடங்கிவிடும். டபிள்யூபி-06 ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்கிற ஈஸ்ட். 20, 21-க்குக் கொண்டு வாருங்கள்.


பனிக்கால_பார்லி | ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. மீன்தொட்டி ஹீற்றர் போட்டு இப்ப வாளி 19.5 டிகிரி. மூடியை அமத்தினா ஏர்லாக் தண்ணி ஏறின கையோட திரும்பிச் சமனாகுது, ரப்பர் வளையத்துக்குள்ளால காத்துப் போகுது.

அளவு 1.044. பிஹெச் தாள் 4.6 கிட்டக் காட்டுது. மூடியை ஒரு ஓரத்தில தூக்கிப் பாத்தன், நடுவில மண்ணிறப் புள்ளியளோட வெள்ளை நுரை, ஒரு விரல் தடிப்பு. லேசா முட்டை மணம். புளிப்பு மணம் ஒண்டும் இல்லை.

இப்ப சந்தேகம் மற்றப் பக்கம். காலி இடம் 10 லீற்றர் இருக்கு, புளோ-ஓஃப் குழாய் (பொங்கிற நுரையை வெளிய விடுற குழாய்) தேவைப்படுமோ? போத்தலில எப்ப அடைக்கிறது?


டிகிரி_பிளேட்டோ | ஞாயிறு, இரவு 10.00

1.048-லிருந்து 12 மணி நேரத்தில் 1.044, நுரை, 4.6. நன்றாகவே ஓடுகிறது. இனி ஹீட்டரை 20-லேயே விடுங்கள், மேலே ஏற்ற வேண்டாம். நாளை ஈஸ்ட்டே சூடு உண்டாக்கும், தொட்டித் தண்ணீர் அதை வாங்கிக்கொள்ளும்.

20 லிட்டருக்கு 10 லிட்டர் காலி இடம் பெரும்பாலும் தாங்கும். ஆனாலும் கோதுமையின் புரதத்தால் இந்த நுரை கெட்டியாக ஏறும், ஏர்லாக்கின் குறுகிய வாயை அடைத்தால் மூடியே பிதுங்கும். ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் இறுக்கமாக உட்காரும் குழாயைச் செருகி, மறு முனையைக் கிருமிநீக்கித் தண்ணீர் உள்ள ஜாடியில் விடுங்கள். இரண்டு நாள் கழித்து ஏர்லாக்கை மறுபடி போடலாம்.

பாட்டில் விஷயத்தில் நாட்காட்டியைப் பார்க்காதீர்கள். காரணத்தைக் கொதிகலம் சொல்வார்.


ஹாப்ஸ்கொடி | திங்கள், காலை 7.40

இதே திரியில் கேட்டுவிடுகிறேன். என்னுடையது 19 லிட்டர், 1.052, மியூனிக் கிளாசிக் (லாலமண்ட் நிறுவனத்தின் கோதுமை பியர் ஈஸ்ட்) 11 கிராம், வோர்ட் 20 டிகிரி. 75 மணி நேரம் ஆகிறது. நேற்று மாலையும் இன்று காலையும் அளவு 1.052-தான். பிஹெச் 5.1. சுவரில் தடம் இல்லை, மோசமான வாடையும் இல்லை. ஈஸ்ட் ஆகஸ்ட் மாதத் தபாலில் வந்தது. பாக்கெட் கையில் கல் மாதிரி இறுக்கமாக இல்லாமல் பொதபொதவென்று இருந்தது. இதற்கு மறுபடி போடுவது எப்படி?


வெள்ளைநுரை | திங்கள், காலை 9.10

உங்கள் வாளிக்குப் புது ஈஸ்ட் வேண்டும், தயங்க வேண்டாம். லாலமண்ட் பாக்கெட்டுகள் வெற்றிட அடைப்பில் வருபவை. தொட்டால் செங்கல் போல இறுக வேண்டும். பொதபொதவென்று இருந்தால் காற்று புகுந்துவிட்டது, அப்படிப்பட்ட பாக்கெட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று நிறுவனமே சொல்கிறது. கோடைத் தபால் பெட்டியின் சூடும் சேர்ந்தால் உயிருள்ள செல் மிச்சம் கொஞ்சம்தான். பாக்கெட் மேல் உள்ள தேதி, 4 டிகிரிக்குக் கீழே அடைப்போடு வைத்திருந்தால் மட்டும் செல்லும்.

மறுபடி போடும் முறை இது. 120 மில்லி குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி, 30-லிருந்து 35 டிகிரிக்குள் ஆற்றுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ வேண்டாம், செல்லுக்குத் தேவையான உப்புகள் அதில் இல்லை. புது 11 கிராம் பாக்கெட்டைப் பரப்பில் தூவி, கலக்காமல் 15 நிமிடம் விடுங்கள். பிறகு மெதுவாகக் கலக்கி இன்னும் 5 நிமிடம். இப்போது குழைந்த கூழ் போல இருக்கும். அதை நேராக 20 டிகிரி வோர்ட்டில் கொட்டக் கூடாது. வாளியில் இருந்து கொஞ்சம் வோர்ட் எடுத்துச் சேர்த்து, 5 நிமிடம் விட்டு, வெப்பம் பாருங்கள். ஒரு தடவைக்கு 10 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. இரண்டு தடவையில் வாளியின் வெப்பத்துக்கு வந்துவிடும். அதன்பின் ஊற்றுங்கள். மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேல் ஊற விட வேண்டாம், சேமித்து வைத்த சக்தியை ஈஸ்ட் வீணாகத் தின்றுவிடும்.

உலர் ஈஸ்ட்டுக்குத் தேவையான ஸ்டெரால்கள் (செல் சவ்வுக்கான கொழுப்புப் பொருள்கள்) தயாரிக்கும்போதே ஏற்றப்பட்டிருக்கும். ஆகவே வோர்ட்டை மறுபடி அடித்துக் காற்றேற்ற அவசியம் இல்லை. ரொட்டி ஈஸ்ட்டால் சமாளிக்கலாமா என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். மியூனிக் கிளாசிக் கொடுக்கும் வாழைப்பழமும் கிராம்பும் அதில் கிடைக்காது.

முதலில் வாங்கிய அதே சரக்கில் இன்னொரு பாக்கெட் கையில் இருந்தால் அதைச் சோதிக்காமல் போடாதீர்கள். 200 மில்லி வோர்ட்டை ஒரு கண்ணாடிக் குவளையில் 25 டிகிரிக்குக் கொண்டு வந்து, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் போட்டு மூடுங்கள். சில மணி நேரத்தில் மேலே மெல்லிய நுரைப் படலம் எழ வேண்டும். மறுநாள் காலை வரை ஒன்றுமே இல்லை என்றால் குப்பைக்கு.


கொதிகலம் | திங்கள், மதியம் 1.00

பார்லி, பாட்டில் கேள்விக்கு வர்றேன். இதை அவசியம் படிங்க.

டபிள்யூபி-06 சாதாரண ஏல் ஈஸ்ட் இல்லை, டயாஸ்டாட்டிகஸ் வகை. மத்த ஈஸ்ட் தொட முடியாத டெக்ஸ்ட்ரினை (மாவுச்சத்தோட பெரிய துண்டுகளை) உடைக்கிற என்சைமை இது வெளியே விடும். உடைச்சது சர்க்கரையா மாறும், அதையும் தின்னும். இந்த வேலை முதல் வேகம் முடிஞ்சப்புறம் ரொம்ப மெதுவா நடக்கும். 1.050-ல தொடங்குனது 1.012-ல நின்ன மாதிரி இருக்கும், ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா 1.009, அப்புறம் 1.007. தயாரிப்பாளர் கணக்குப்படி, ஹைட்ரோமீட்டர் காட்டுற தோற்ற அளவுல 86%-லிருந்து 90% வரைக்கும் சர்க்கரையைத் தின்னும். உங்க வாளிக்கு அது 1.005-லிருந்து 1.007.

1.012-ல அடைச்சா, மிச்சம் இருக்கிற 5 புள்ளி பாட்டிலுக்குள்ள நொதிக்கும். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ அரை வால்யூம் வாயு (ஒரு லிட்டர் பியர்ல ஒரு லிட்டர் வாயு கரைஞ்சிருந்தா ஒரு வால்யூம்). நீங்க போடுற சர்க்கரைக்கு மேல இன்னும் ரெண்டரை வால்யூம்! கண்ணாடி தாங்காது, வெடிக்கும். தாமதமா தொடங்குன வாளியில இந்த ஆபத்து இன்னும் அதிகம். ரெண்டு நாள் தள்ளித் தொடங்குனதை மறந்துட்டு, ரெண்டு வாரம் ஆச்சுன்னு அடைச்சுடுவாங்க.

அதனால 1.010-க்குக் கீழே வந்தப்புறம், ஒரு வார இடைவெளியில எடுத்த ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும். மத்த ஈஸ்ட்டுக்கு மூணு நாள் போதும், இதுக்குப் போதாது. அளவு பார்க்கும்போது ஹைட்ரோமீட்டர் ஜாடியில இருக்கிற பியரை ரெண்டு பாத்திரத்துக்கு மாத்தி மாத்தி ஊத்தி வாயுவைப் போக்கிடுங்க. 1.007-க்கும் 1.009-க்கும் வித்தியாசம் தெரியறதுக்கு அது வேணும்.

பாவாரியக் கோதுமை பியர்ல 3.3 வால்யூமும் அதுக்கு மேலயும் வாயு ஏத்துவாங்க. 3.3-க்கே லிட்டருக்கு 10 கிராம் கிட்ட சர்க்கரை வேணும், 20 லிட்டருக்கு 195 கிராம். சாதாரண பியர் பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் சரிப்படாது. அரை லிட்டர் கனமான வைஸ்பியர் பாட்டில் வேணும். இந்த ஈஸ்ட்டோட முதல் தடவைன்னா 2.8 வால்யூமோட நிறுத்துங்க, லிட்டருக்கு 7.8 கிராம், 20 லிட்டருக்கு 155 கிராம் டேபிள் சர்க்கரை. கொஞ்சம் தண்ணியில கொதிக்க வெச்சு, அடைக்கிற வாளியில முதல்ல ஊத்தி, அதுக்கு மேல பியரைக் குழாயால இறக்குங்க. அப்போதான் சீராக் கலக்கும். அடைச்ச பாட்டில் கூடவே ஒரு அரை லிட்டர் பிளாஸ்டிக் சோடா பாட்டில்லயும் நிரப்பி வைங்க. அது கல்லு மாதிரி ஆகுற வேகத்தைப் பார்த்தா மத்ததோட நிலைமை தெரியும். ரொம்பச் சீக்கிரம் இறுகிட்டா எல்லாத்தையும் ஃபிரிட்ஜுக்கு மாத்திடுங்க.


பனிக்கால_பார்லி | திங்கள், இரவு 8.15

புளோ-ஓஃப் குழாய் மாட்டியாச்சு, ஜாடியில குமிழி விடாமல் வருது. ரப்பர் வளையமும் புதுசு போட்டாச்சு. வாளி 20.5 டிகிரி. அளவு பிறகு பாக்கிறன்.

அடுத்த முறை இந்த ஈஸ்ட்டை விட்டிட்டு மியூனிக் கிளாசிக் போட்டா இந்த டயாஸ்டாட்டிகஸ் பிரச்சினை இல்லைத்தானே? அதே பிளாஸ்டிக் வாளியைப் பாவிக்கலாமோ?


டிகிரி_பிளேட்டோ | திங்கள், இரவு 9.00

டெக்ஸ்ட்ரினை உடைக்கும் என்சைமுக்கான மரபணு மியூனிக் கிளாசிக்குக்கு இல்லை. 17 டிகிரியில் இருந்தே வேலை செய்யும், வாழைப்பழமும் இதைவிடத் தெளிவாக வரும். குளிர் பேஸ்மென்ட்டுக்கு அது பொருத்தம். என்றாலும் 20-ல் போட்டுத் தொடங்குங்கள்.

வாளிதான் கவலை. டயாஸ்டாட்டிகஸ் ஈஸ்ட் பைப்பின் ரப்பர் வாஷரிலும் வாளியின் கீறல்களிலும் தங்கிவிட்டால் அடுத்த பியரிலும் அதே வேலையைச் செய்யும், சிறிதளவு போதும். பைப்பை முழுக்கக் கழற்றி, திருகு மரை, வாஷர், உள்ளே சுழலும் குமிழ் எல்லாவற்றையும் தனித்தனியாக ஊற வையுங்கள். முதலில் பிபிடபிள்யூ மாதிரி காரக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம், நன்றாக அலசல். அதன் பிறகுதான் கிருமிநீக்கி. அழுக்கு மேல் கிருமிநீக்கி அடித்தால் பயன் இல்லை. சொரசொரப்பான பச்சை ஸ்பாஞ்ச் வேண்டாம், மென்மையான துணி. பைப்பின் உள்ளே கீறலோ கறையோ தெரிந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள், வாஷர்களையும் சேர்த்து மாற்றுங்கள். முடிந்தால் இந்த வாளியை டபிள்யூபி-06-க்கும் செய்சான் (பெல்ஜியப் பண்ணை பியர்) வகைகளுக்கும் என்றே ஒதுக்கி, மூடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.